துரைசானி வைத்த ஜன்னல்

எங்கள் வாடகை வீட்டுக்கு ஜன்னல் வைத்தவர் இன்றைக்கு உயிரோடு இருந்தால், ஒரு சித்திரை மாத மத்தியானம் கூட்டிவந்து எங்கள் கூடத்தில் உட்காரவைப்பேன். கையில் சுடச்சுட ஒரு டம்ளர் காப்பியையும் கொடுத்து, "எப்படி இருக்கு, காத்து நல்லா வருதா?" என்று கேட்பேன். அந்த அளவுக்கு அந்த ஜன்னல்கள் என்னைப் படுத்தியிருக்கின்றன.

ராஜபாளையத்தில் ஆட்டோவில் ஏறி "சுவீடன் காம்பவுண்டு" என்றால் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். சுவீடன் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கும் தெரியாது, ஏறுகிறவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் சுவீடனிலிருந்து ஊழியம் செய்ய வந்த ஒரு அம்மா இங்கே மருந்தகமும் பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். அங்கே வேலை பார்த்தவர்களுக்காக இரண்டு தெரு வீடுகளைக் கட்டிக்கொடுத்தார். இங்கே அவரை எல்லோரும் துரைசானி என்றுதான் சொல்வார்கள். அவருடைய ஊரில் வெயில் அபூர்வம். வருகிற கொஞ்ச வெயிலும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காகத் தெற்கேயும் மேற்கேயும் ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல் வைப்பார்களாம். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரையைச் செங்குத்தாகப் போடுவார்களாம். அதே கணக்கில் இங்கேயும் கட்டிவிட்டார். எங்கள் கூரையில் பனி எங்கே வழுக்குகிறது? மலையிலிருந்து இறங்கிவருகிற குரங்குகள்தான் வழுக்குகின்றன. வெயிலோ, இந்த ஊரில் எவ்வளவு உண்டோ அவ்வளவும் எங்கள் கூடத்துக்குத்தான் வருகிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கணவருக்கு இங்கே ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. எனக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியின் அலுவலகத்தில் வேலை. பிள்ளையின் பள்ளிக்கூடமும் பக்கம், நாங்களும் கிறிஸ்தவர்கள் என்பதால் வீடும் சுலபமாகக் கிடைத்தது. வந்த முதல் கோடையிலேயே மேற்கு ஜன்னலுக்கு மேலே ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். காம்பவுண்டுக் கமிட்டியின் செயலாளர் ஓய்வு பெற்ற டீச்சரம்மா. மூன்று தலைமுறையாக அதே காம்பவுண்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக் கொண்டுவருவார். ஆனால் சாய்ப்பு என்று நான் வாயைத் திறந்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அதமட்டும் கேக்காதம்மா. துரைசானி வச்சத நம்ம மாத்தப்படாது."

"அக்கா, உள்ள உக்கார முடியல. பிள்ள வேர்த்து ஊத்திக்கிட்டுப் படிக்கா."

"நாங்கள்லாம் இதுலதான் படிச்சோம். செத்த நேரம் இருந்தாப் பழகிரும்."

பழகவில்லை. திரைச்சீலை போட்டேன், வெளுத்துப்போனது. செய்தித்தாளை ஒட்டினேன், காம்பவுண்டின் அழகு கெடுகிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கமிட்டியின் வாயில் ஒரே வார்த்தைதான், துரைசானி. குழாயை இடம் மாற்றக் கேட்டாலும் துரைசானி, பின்பக்கம் துணி காயப்போடக் கம்பி கட்டக் கேட்டாலும் துரைசானி.

என் மகளுக்கு என்னவோ அந்த இடம் முதல் நாளிலேயே பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காம்பவுண்டு முழுக்கச் சுற்றுவாள். பழைய மருந்தகத்தின் சுவரில் ரொட்டி சுட ஒரு அடுப்பு இருக்கிறது, இப்போது அதில் பூனை குட்டி போடுகிறது. கல்லறைத் தோட்டத்தில், பிறந்த சில மாதங்களில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கல் இருக்கிறது. அதில் சில எழுத்துகளுக்குத் தலைக்கு மேலே சின்ன வட்டம் போட்டிருக்கும். மகள் அதை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். அப்புறம் போனில் தேடி, அதை எப்படி உச்சரிப்பது என்று வாயைக் குவித்து எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். "ஏட்டி, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று திட்டிக்கொண்டே நானும் வாயைக் குவிப்பேன். கோபம் வந்தாலும் அந்தச் சுற்றலை நான் விட்டதில்லை. அவள் காட்டித்தான் அந்தக் காம்பவுண்டையே பார்த்தேன்.

அவளுக்கு உயிர் எல்லாம் ஒன்றில்தான், கிரீடத்தில். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி விடியற்காலை சுவீடனில் ஒரு பெண் பிள்ளை வெள்ளை உடுப்புப் போட்டு, இடுப்பில் சிவப்பு நாடா கட்டி, தலையில் மெழுகுவத்தி எரிகிற கிரீடம் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவாளாம். அந்த ஊர்க் குளிர்காலத்தின் நெடிய இருட்டுக்கு நடுவே வெளிச்சம் கொண்டுவருகிறவளாம். துரைசானி அந்தப் பழக்கத்தை இங்கேயும் ஆரம்பித்துவைத்தார். எங்கள் காம்பவுண்டில் அதற்கு மெழுகுவத்திக் காலை என்று பெயர். அன்றைக்கு எந்த வீட்டிலும் முதலில் விளக்குப் போட மாட்டார்கள். பிள்ளைகள் வரிசையாகப் பாடிக்கொண்டு வந்து வாசலில் நின்ற பிறகுதான் கதவைத் திறந்து விளக்கைப் போட வேண்டும். சுக்குக் காப்பியும் மஞ்சள் பன்னும் கொடுக்க வேண்டும். அங்கே குங்குமப்பூப் போட்டுச் செய்வார்களாம். இங்கே மஞ்சள் பொடிதான், பேக்கரியில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள். கிரீடம் பித்தளை. அதைச் சுற்றி வேலியில் இருக்கிற மருதாணியை ஒடித்துக் கட்டுவார்கள். தலை சுடாமல் இருக்கப் பேண்டேஜ் துணியை நனைத்து மடித்து அடியில் வைப்பார்கள். பாட்டு சுவீடன் பாஷையில். அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. வாய்க்கு வாய் வந்ததில் அது பாதி தமிழாகவே ஆகிவிட்டது, ராகமும் எங்கள் ஊர் இழுவையில்தான் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற தெலுங்குக்காரக் குடும்பங்கள்கூட எழுந்து வந்து நின்று பார்ப்பார்கள்.

வந்த முதல் வருஷம் அதைப் பார்த்த என் மகள் அசையவே இல்லை. கிரீடம் தெருமுனை திரும்பியதும், "அம்மா, நான் ஒரு தடவையாவது அத வைக்கணும்மா" என்றாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குப் புது உடுப்பு, கேக் என்று எதையும் அவள் கேட்டதே கிடையாது.

அதற்கு இரண்டு சட்டம் இருந்தது. கிரீடம் வைக்கிற பிள்ளையைக் கமிட்டிதான் சொல்லும். பெரியவளான பிள்ளை வைக்கக் கூடாது.

ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் போய்க் கேட்பேன். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் செயலாளரம்மா. சொந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில். அப்புறம் வெளியூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிற அவர்களுடைய பேத்திகளுக்கு. வாடகைக்காரப் பிள்ளை என் மகள் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டே இருந்தாள். பாட்டை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பின்வரிசையிலிருந்து அவள் எடுத்துக்கொடுக்க, முன்னால் கிரீடத்தோடு போகிற பிள்ளை வாயசைக்கும். ஏழாம் வகுப்பு முடிந்து எட்டாம் வகுப்பு வந்தது. பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் பாவாடையின் விளிம்பைப் பிரித்துவிடும்போதெல்லாம் மனசுக்குள் நாள் எண்ணுவேன். பெற்றவள் பிள்ளை வளர்வதைப் பார்த்து வருத்தப்படுகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

இந்த வருஷம் நவம்பரில் செயலாளரம்மா தானாகவே வீட்டுக்கு வந்தார். "ஒம் பிள்ளதான் இந்த வருஷம். நல்லாப் பழக்கிவிடு" என்றார். மகள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், கூரை மேல் இருந்த குரங்கு குதித்து ஓடிவிட்டது. கம்பெனியில் சொல்லி மெல்லிய ரகத் துணி வாங்கிவந்தேன். கணுக்கால் வரை வெள்ளை உடுப்புத் தைத்தேன். சிவப்பு நாடாவை அவளே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கினாள். எதிர்வீட்டில் இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு வாண்டு உண்டு, என் மகளுடைய வால். அதுவும் கூடவே உட்கார்ந்து பாட்டைப் படித்தது. மகள் தலையில் தட்டைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு கூடத்தில் நடப்பாள், அது பின்னாலேயே கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு நடக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை மகள் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அதற்காக அழவில்லை. "அப்ப கிரீடம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. சந்தோஷமாக மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டிய நேரத்தில், என் பிள்ளை ஏதோ குற்றம் செய்தவள்போல நிற்கிறாள்!

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டாம். மெழுகுவத்திக் காலை முடியட்டும், பொறவு ஊரக் கூட்டிச் செய்வோம்" என்றேன். கணவரும் சரி என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அண்ணனிடம் மட்டும் போனில் சொன்னேன். தாய்மாமனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? பிறகு காலமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுவான். "அண்ணே, சத்தம் போடாத. இங்க யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "நான் யார்கிட்டத்தா சொல்லப்போறேன்?" என்றான்.

உண்மைதான், அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாயந்திரம் ஒரு லோடு ஆட்டோ காம்பவுண்டு கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் என் அண்ணன் புதுவேட்டியில் நின்றுகொண்டு வருகிறான். பட்டுப்பாவாடை, பூமாலை, தட்டுத் தட்டாகப் பழம், ஒரு மூட்டை உளுந்து, ஒரு டின் நல்லெண்ணெய், பெட்டிப் பெட்டியாகப் பால்கோவா. ஆட்டோ நின்றதும் என் அண்ணன் மகன் ஒரு சரவெடியைப் பற்றவைத்தான். இரண்டு தெருவும் வாசலுக்கு வந்துவிட்டது.

"அட கூறுகெட்டவனே, ஒங்கிட்ட என்ன சொன்னேன்?" என்று பல்லைக் கடித்தேன்.

"நான் வாயத் தொறந்தேனா? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலயே" என்றான், நிஜமாகவே புரியாமல். "அதுக்காவ மருமகளுக்குச் சீர் கொண்டுவராம இருக்க முடியுமா? தாய்மாமன் வெறுங்கையோட நின்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

அவனை அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஆசைப்பட்டு வந்தவனை என்ன செய்வது? மாலையைப் போட்டுவிட்டு அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணும்போது அவன் கண்ணில் தண்ணீர். மகள் மாமனுக்காகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அன்று இரவே செயலாளரம்மா ஒரு தட்டில் பூவும் பழமும் கொண்டுவந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தடவி வாழ்த்தினார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா என்ன செய்ய? கிரீடத்த எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வச்சிருவோம். அதுக்கும் பாட்டு தெரியுமாமே."

"அக்கா, இதுல என்ன இருக்கு? நம்மள்ல தீட்டு அது இதுன்னு கிடையாதுன்னு நீங்கதானே ஞாயித்துக்கிழம ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக்குடுக்கிய?"

"தீட்டுன்னு யாரு சொன்னா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

மகள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளே தேடி வைத்திருந்த வீடியோ. சுவீடனில் ஒரு பெரிய கோயிலில், கல்லூரிப் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். கிரீடம் வைத்திருக்கிறவளுக்கு இருபது வயசாவது இருக்கும். "பாருங்க ஆன்ட்டி, அங்க பெரியவங்கதான் வைக்காங்க" என்றாள், மெதுவாக.

செயலாளரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார். "எம்புட்டு அழகா இருக்கு!" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "அது அவிய ஊரு வழக்கம்த்தா. நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அப்ப ஏன் சன்னலுக்கு மட்டும் நம்ம ஊருன்னு ஒண்ணு இல்லையாக்கா? இத்தன வருஷமா வெந்து சாகுதோமே, ஒரு தகரம் போட விட்டியளா? அங்கன மட்டும் துரைசானி வச்சத மாத்தப்படாது. எம் பிள்ள தலைன்னு வரும்போது துரைசானிய எங்க தொலச்சிய?"

கணவர் உள்ளேயிருந்து "ஏய், ஏய்" என்றார். செயலாளரம்மாவின் முகம் சுருங்கிப்போனது. படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் எதிர்வீட்டு அம்மா வந்து, சங்கடத்தோடு நின்று, வெள்ளை உடுப்பைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மகள் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "கீழ மடிச்சுத் தச்சாச் சரியா இருக்கும்" என்றாள். நாடாவையும் கொடுத்துவிட்டாள். பின்வரிசையில் நிற்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். "நான் வரல" என்று மட்டும் பதில் சொல்லிவிட்டாள்.

பதின்மூன்றாம் தேதி காலையில் நான் கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பன் வாங்கவில்லை. தெரு பார்த்த ஜன்னலுக்குப் பெரிய போர்வையை ஆணியில் மாட்டினேன். "பச்சப் பிள்ளைக வரும், கதவத் தொற. அதுக என்ன செஞ்சுச்சு?" என்றார் கணவர். "நான் தூங்குதேன்" என்றேன். இருட்டில் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பாட்டுச் சத்தம் நடுநடுவே தடுமாறிக்கொண்டு ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது. எங்கள் வாசலில் வந்து நின்றது. போர்வைக்கு அந்தப் பக்கம் மஞ்சளாக வெளிச்சம் ஆடியது. எதிர்வீட்டு வாண்டின் குரல் தனியாகத் தெரிந்தது. முதல் அடியைப் பாடியது. இரண்டாவது அடி தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது, அதே இடத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ தப்பாக எடுத்துக்கொடுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கிரீடத்தை வைத்துக்கொண்டு குனியவும் முடியாமல், கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அது நிற்பதை நான் பார்க்காமலே பார்த்தேன்.

'வேணும், நல்லா வேணும்' என்றுதான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன்?

பக்கத்தில் இருட்டுக்குள்ளிருந்து என் மகள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடி. எழுந்துகூட நிற்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினாள். வெளியே சத்தமெல்லாம் அடங்கிப்போனது. பிறகு அந்தச் சின்னக் குரல் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தது. மகள் எழுந்து போய்ப் போர்வையை ஒரு இழுப்பு இழுத்தாள். ஆணியோடு வந்துவிட்டது. ஆள் உயரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடித்துத் தைத்த உடுப்பும், நெற்றி வரைக்கும் இறங்கிய கிரீடமும், கன்னத்தில் கண்ணீருமாக அந்த வாண்டு. இந்தப் பக்கம் எண்ணெய்த் தலையும் பழைய சுடிதாருமாக என் மகள். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு பாட்டை முடித்தார்கள். குடிவந்த நாளிலிருந்து அந்த ஜன்னல் உருப்படியாக ஒரு காரியத்துக்கு ஆனது அன்றைக்குத்தான்.

கதவைக் கணவர் திறந்தார். விளக்கைப் போட்டார். வேறு வழியில்லாமல் நான் அடுப்பைப் பற்றவைத்துச் சுக்குத் தட்டினேன். பன்னுக்குப் பதிலாக அண்ணன் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த பால்கோவாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வாண்டு கிரீடத்தைக் கழற்றச் சொல்லி என் மகளிடம்தான் போய் நின்றது. அவள் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்து, கிரீடத்தைத் தூக்கினாள். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

பெரியவர்களோடு பின்னால் வந்த செயலாளரம்மா காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் மகளின் தோளில் கைவைத்து, "என்ன குரல்டீ ஒனக்கு! மனசுல ஒண்ணும் வச்சுக்காத, என்னா? அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

வருஷா வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூடத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மகள் கோபப்படவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் இன்னும் பெரியவளாயிருப்பேனே, ஆன்ட்டி."

செயலாளரம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். காப்பி ஆறிப்போனது. சூடு பண்ணித் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை.